துயரக் காட்சியும் காண்பார் கடனும்

உலகின்கண் மக்கள் துன்பக் கதைகளை விரும்பிக் கேட்கும் இயல்புடையராய் இருக்கின்றனர். தம் இல்லத்தில் ஒரு சாவு நேர்ந்தவிடத்து அதனை ஏறிட்டு நோக்கவும் ஆற்றாதவர், கூத்தரங்கிலே ஒரு தாய் தன் மகனை இழந்து புலம்புதலைப் பொருள் கொடுத்துக் கண்டு, கண்ணீர் பெருக்கி, நெஞ்சம் நெகிழ்ந்து மீள்கின்றனர். ஆசிரியர் தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனுள் அழுகையையும் ஒன்றாக வைத்து, இழவு முதலிய நான்கினை அதற்கு நிலைக்களனாகக் கூறினார். அரங்கின் முன்னிருந்து அழுவான் தன் இழவால் அழுகின்றானல்லன். பிறன் இழவினைத் தன்னதாகக் கொண்டு அழுகின்றான். அவ்வழுகை அவன் உள்ளத்து வன்மையைக் கரைத்தலின், துன்பக்காட்சியும் அவனுக்குப் பயனுடையதாய் முடிகின்றது. இஃது யாவரும் உடன்பட்டதொன்றே.

ஆயின், அரங்கிற் காட்டப்படுவது பழங்கதையாகாது நேற்று நிகழ்ந்த படுகொலையாயின் என் செய்வது? அக்கொலையில் தந்தையை இழந்த மகள் அவ்வரங்கின் அண்டை வீட்டிலேயே வாழ்பவளாயின் என் செய்வது? காண்பார்க்கு உள்ளநெகிழ்ச்சி தரும் அக்காட்சி அவளுக்கு ஆறாப் புண்ணிற் பாய்ந்த வேலாகுமன்றோ? ஒருவர்க்கு உறுதி பயக்கும் ஒன்று மற்றொருவர்க்கு ஊறு செய்யுமிடத்து அறம் எப்பக்கத்தது? இவ்வினா வெறுங் கற்பனையன்று. அண்மைக் காலத்தே மேனாடுகளிற் பலமுறை எழுந்து, கற்றாரும் மற்றாரும் இருபிரிவினராய் நின்று வாதிட்டதொன்றாம். அதனைச் சிறிது ஆராய்வாம்.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே கொலைஞர் பத்தொன்பதின்மர் நான்கு விமானங்களைக் கைப்பற்றினர். அவற்றுள் இரண்டு நியூயார்க்கு நகரத்து உலக வாணிக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் மீதும், ஒன்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மாளிகையாகிய பென்டகன் மீதும் மோதின. நான்காவது, பென்சில்வேனியா மாநிலத்துச் சாங்க்ஸ்வில் என்னும் சிற்றூரின் அருகே வீழ்ந்தது. அன்று கொலையுண்டார் தொகை 2,977. நான்காம் விமானத்திற் சென்ற பயணிகளும் பணியாளருமாகிய நாற்பதின்மருட் சிலர், ஏனை விமானங்களுக்கு நேர்ந்த கதியினைத் தொலைபேசி வாயிலாக அறிந்து, கொலைஞரை எதிர்த்து எழுந்தனர். அதனால் அவ்விமானம் கொலைஞர் குறித்த இலக்கினை அடையாது ஒழிந்தது. அதனுள் இருந்தார் அனைவரும் மாண்டனர்.

இந்நிகழ்ச்சி நடந்து ஐந்தாண்டு நிரம்புமுன், 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், அந்நான்காம் விமானத்தின் வரலாற்றைப் பால் கிரீன்கிராஸ் என்னும் ஆங்கில இயக்குநர் ‘யுனைடெட் 93’ என்னும் திரைப்படமாக்கி வெளியிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆலிவர் ஸ்டோன் என்பார், கோபுர இடிபாட்டினுள் அகப்பட்டு உயிர் மீண்ட காவலர் இருவரின் வரலாற்றை ‘வேர்ல்டு டிரேடு சென்டர்’ என்னும் படமாக அளித்தார். முதற்படம் அரங்கேறுமுன்னரே பூசல் எழுந்துவிட்டது. அதன் முன்னோட்டக் காட்சி, வேறொரு படம் காண வந்திருந்தார் முன்னே திரையில் ஓடியபொழுது, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அரங்கில் இருந்தார் சிலர் ‘இதற்கு இன்னும் காலம் வரவில்லை’ என்னும் கருத்துப்படக் கூவினர். நியூயார்க்கு நகரத்து மன்ஹாட்டனில் ஓர் அரங்கினர், காண வந்தார் முறையிட்டமையால் அம்முன்னோட்டத்தை நிறுத்திவிட்டனர். மற்றொரு பக்கத்தே, மாண்டாரின் குடும்பத்தார் பலர் இயக்குநரோடு ஒத்துழைத்தனர். தம்மவர் இறுதியிற் காட்டிய துணிவை உலகம் மறவாதிருத்தல் வேண்டும் என்பது அவர் வேட்கை. படத்தை வெளியிட்ட கம்பெனியாரும் முதல் மூன்று நாள் வருவாயிற் பத்திலொரு பங்கினை நினைவுச் சின்னத்தின் நிதிக்குத் தருவதாக அறிவித்தனர்.

இருபாலார் கூற்றினையும் நடுவுநிலை நின்று கேட்டல் வேண்டும். காட்டுதல் தகாது என்பார் கூற்று இது: துயருற்றார் இன்னும் தேறவில்லை, மாண்டாரின் இறுதிப் பொழுதைக் காசுக்கு விற்றல் கொடுமை, பொழுதுபோக்கின் பொருட்டு வந்தமர்ந்தார் முன்னே அதனை வைத்தல் இழிவு. காட்டுதல் தகும் என்பார் கூற்று இது: நிகழ்ந்ததை மறைத்தலால் நன்மையில்லை, மறதியே மாண்டார்க்குச் செய்யும் இரண்டாம் கொலை, பிறர் துன்பத்தை உள்ளவாறு உணராத சமுதாயம் அதனினின்றும் ஒன்றும் கற்றுக்கொள்ளாது. இவ்விரு கூற்றும் நெஞ்சில் ஈரமுடையார் கூற்றே. ஆதலின் ஒன்றனை எள்ளி ஒன்றனை ஏத்துதல் நேரிதன்று. இவ்விருவரும் தம் வழக்கிற்கு எவற்றை அளவுகோலாகக் கொண்டனர், அவ்வளவுகோல்கள் நேரியவோ என்பதே நாம் காணத்தக்கது.

முதலாவது அளவுகோல் காலம். ‘விரைந்துவிட்டது’ என்பதே பெரும்பாலார் கூறிய குறை. அங்ஙனமாயின் எத்துணை ஆண்டு கழிந்தபின் காட்டலாம்? இவ்வினா இருபத்தைந்து நூற்றாண்டுகட்கு முன்னரே கிரேக்க நாட்டில் எழுந்துள்ளது. கி. மு. 494-இல் மிலேட்டஸ் என்னும் நகரம் பாரசீகரால் அழிக்கப்பட்டது. அந்நகரத்தார் ஏதென்ஸ் நகரத்தாரொடு இனவுறவு உடையவர். அவ்வழிவினைப் பிரினிகஸ் என்னும் புலவர் சில்லாண்டுகளில் நாடகமாக்கி ஏதென்ஸ் நகரிலே நடிப்பித்தார். அரங்கம் முழுவதும் கண்ணீர் வடித்தது. பின்னர் அந்நகரத்தார், தம் சொந்தத் துயரை நினைவூட்டினார் என்று புலவர்க்கு ஆயிரம் டிராக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை இனி எவரும் நடித்தலாகாது எனவும் தடுத்தனர். இச்செய்தியை எழுதிவைத்தவர் ஹெரடோட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர். மிலேட்டஸ் நகரத்தார் பாரசீகர்க்கு மாறாக எழுந்தபொழுது ஏதென்ஸ் நகரத்தார் இருபது கப்பல்களைத் துணைக்கு விடுத்துப் பின்னர் அத்துணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர் என்பதும் அவர் நூலினின்றே அறியப்படும். அக்கண்ணீரில் இரக்கத்தோடு நாணமும் கலந்திருத்தல் கூடும்.

இனி, அதே நகரிலே கி. மு. 472-இல் ஈஸ்கிலஸ் என்னும் பெரும்புலவர் ‘பாரசீகர்’ என்னும் நாடகத்தை அரங்கேற்றிப் பரிசு பெற்றார். அதன் பொருள் கி. மு. 480-இல் சாலமிஸ் கடற்போரிற் பாரசீகர் எய்திய தோல்வி. எட்டாண்டு முன்னர் நிகழ்ந்த போரினை, அதிற் கலந்து மீண்ட மறவர் பலர் இருந்து காணும் அவையிலே அவர் காட்டினார். ஆயினும் வென்ற தம்மவரின் செருக்கினை அவர் அரங்கேற்றவில்லை. பாரசீக மன்னனின் அரண்மனையிலே காட்சியை அமைத்து, மகனை எதிர்நோக்கி ஏங்கும் தாயரசியையும், மடிந்தார் பெயர்களைக் கூறிவரும் தூதனையும், கிழிந்த உடையொடு மீளும் வேந்தனையும் காட்டினார். பகைவர் அழுகையைத் தம் நகரத்தார் கேட்குமாறு செய்தார். காலம் ஒன்றே அளவாயின் இவ்விரு நாடகங்களும் ஏறத்தாழ ஒருதன்மையவே. ஒன்று தண்டம் பெற்றது, மற்றொன்று பரிசு பெற்றது.

காலம் நீண்டவிடத்தும் பூசல் ஒழிவதில்லை என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது நாஜியரால் யூத மக்கள் ஏறக்குறைய அறுபது இலட்சவர் கொல்லப்பட்டனர். அதனைப் பற்றிக் கிளாட் லான்ஸ்மன் என்னும் பிரெஞ்சு இயக்குநர் 1985-இல் வெளியிட்ட ‘ஷோவா’ என்னும் ஒன்பது மணி நேரத்திற்கு மேற்பட்ட படத்திலே, பழைய படச்சுருள் ஒன்றும் சேர்க்கப்படவில்லை. கொலையினைக் கண்டாரும் உற்றாரும் செய்தாரும் பேசும் பேச்சே அதில் உண்டு. 1993-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ என்னும் படத்தில் அக்கொடுமையை நடிகரைக் கொண்டு நடித்துக் காட்டியபொழுது, அங்ஙனம் நடித்துக் காட்டுதல் தகாது என்று லான்ஸ்மன் வெளிப்படையாக மறுத்தார். போர் முடிந்து அப்பொழுது நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆகவே, ஆண்டுகளின் தொகை புண்ணினை ஆற்றலாம். காட்டுவது முறையோ என்பதனை அது முடிவு செய்யாது.

இரண்டாவது அளவுகோல் உற்றாரின் உடன்பாடு. இது காலத்தினும் சிறந்த அளவுகோலே. துயர் எவர்க்கு உரியதோ அவரைக் கேளாது அத்துயரை எடுத்தாளுதல், உடையவனைக் கேளாது அவன் வீட்டுட் புகுதலை ஒக்கும். எனினும் இதுவும் முற்றும் போதியதன்று. என்னை? உற்றார் அனைவரும் ஒருமனப்படுதல் அரிது. ஒரு தாய் ‘காட்டுக’ என்பாள், மற்றொரு தாய் ‘காட்டற்க’ என்பாள். இனி, உற்றாரினும் முன்னே கேட்கத்தக்கவர் மாண்டவர். அவரோ விடை தரும் நிலையினரல்லர். ‘யுனைடெட் 93’ என்னும் படத்திலேயே இதற்குச் சான்று கிடைக்கின்றது. விமானத்திலிருந்த வேற்றுநாட்டார் ஒருவர், கொலைஞரை எதிர்த்தல் வேண்டா என்று வாதிட்டதாக அப்படம் காட்டிற்று. அங்ஙனம் அவர் கூறினார் என்பதற்குச் சான்று யாதும் இல்லை என்று திறனாய்வாளர் குறை கூறினர். கதையின் ஓட்டத்திற்கு அத்தகையான் ஒருவன் வேண்டப்பட்டிருக்கலாம். ஆயின் மாண்டான் ஒருவன்மீது அவன் செய்யாத கோழைமையை ஏற்றுதல், மறுமொழி கூறமாட்டாதான்மீது பொய்ச்சான்று புகலுதலேயாம். ஏனையோர் எல்லாரும் உடன்பட்டாலும் இஃது அறமாகாது.

அற்றேல், நேரிய அளவுகோல் யாது எனின், அது நம் சித்தாந்த நூலோர் உயிரின் இயல்பு கூறுமிடத்தே கிடைக்கின்றது என்பது எமது துணிபு. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்பர் அவர். படிகம் தன்னருகே வைத்த பொருளின் நிறத்தை ஏற்றல்போல, உயிரும் தான் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டு நிற்கும். திரைப்படத்தின் ஆற்றல் இவ்வியல்பினை முற்றும் பற்றியது. இருளிலே அசையாதிருந்து ஒளியை நோக்குவான், படக்கருவி எவ்விடத்து நின்றதோ அவ்விடத்திலேயே தானும் நிற்கின்றான். அது எவன் கண்ணாற் கண்டதோ அவன் கண்ணாலேயே தானும் காண்கின்றான். ஆதலின் படுகொலையைக் காட்டும் படத்தை நோக்கி நாம் முதற்கண் வினவற்பாலது, ‘எப்பொழுது காட்டினாய்?’ என்பதன்று, ‘எவர் அருகே நிறுத்திக் காட்டினாய்?’ என்பதே.

இதனை நார்வே நாட்டு நிகழ்ச்சியால் விளக்குவாம். 2011-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் ஒரு கொலைஞன் ஆஸ்லோ நகரில் வெடிகுண்டு வைத்து எண்மரையும், பின்னர் உட்டோயா என்னும் தீவிற் கூடியிருந்த இளைஞர் முகாமிற் புகுந்து அறுபத்தொன்பதின்மரையும் கொன்றான். 2018-ஆம் ஆண்டில் இது குறித்து இரு படங்கள் வெளிவந்தன. எரிக் போப்பே என்னும் நார்வே இயக்குநரின் படம் தீவில் நிகழ்ந்ததனை இடையறாத ஒரே காட்சியாகக் காட்டுகின்றது. உயிர்பிழைத்தார் கூறிய செய்திகளைக் கொண்டு புனைந்த ஓர் இளம்பெண்ணின் அருகே படக்கருவி முழுதும் நிற்கின்றது. துப்பாக்கியின் ஒலி எங்கணும் கேட்கின்றது. கொலைஞனோ தொலைவிலே நிழல்போலச் சிறிது தோன்றுவதன்றி வேறில்லை. மாண்டார் எவர் பெயரையும் வடிவையும் எடுத்தாளாது புனைந்த மாந்தரையே வைத்தமையால், முன்னர்க் கூறிய பொய்ச்சான்றுக் குற்றமும் அதன்கண் இல்லையாயிற்று. கிரீன்கிராஸ் எடுத்த மற்றைப் படம், கொலையை முற்பகுதியிற் காட்டிப் பின்னர் உயிர்பிழைத்த இளைஞன் ஒருவன் தேறி எழுதலையும், கொலைஞன் மன்றத்திலே பேசுதலையும் காட்டுகின்றது.

ஈண்டு ஒரு தடை நிகழும். ‘கொலைஞனின் நெஞ்சை அறியாது கொலையைத் தடுத்தல் யாங்ஙனம்? அவனை மறைத்தல் உண்மையை மறைத்தலன்றோ?’ என்பர். அறிதல் வேறு, சார்தல் வேறு. மருத்துவன் நோயை நுணுகி அறிகின்றான். அதனால் அவன் நோயாளனாகின்றிலன். வழக்கு மன்றத்திலே கொலைஞன் பேசும்பொழுது, எதிரே அவனால் ஊனமுற்றான் நின்று மறுமொழி கூறுவானாயின், காண்பார் அவனை அறிவர், அவனைச் சாரார். படக்கருவி அவன் துப்பாக்கியின் பின்னே நின்று, ஓடும் பிள்ளைகளை இலக்காகக் காட்டுமாயின், காண்பார் தாம் அறியாமலே அவன் கைக்கு ஒரு கையாவர். இரண்டும் கொலைஞனைக் காட்டுவனவே; இவற்றிடை வேற்றுமை பெரிது.

இவ்வேற்றுமை எத்துணைக் கொடிது என்பதனை நியூசீலாந்து நாடு கண்டது. 2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களிலே தொழுகைக்குக் கூடியிருந்தார்மீது நிகழ்ந்த கொலையில் ஐம்பத்தொருவர் மாண்டனர். அக்கொலைஞன் தன் உடலிற் பூண்ட படக்கருவியினால் தன் செயலைத் தானே இணையத்தின் வழியாக உலகிற்கு உடனுக்குடன் காட்டினான். உலகம் தன் கண்ணாற் காணவேண்டும் என்பதே அவன் விருப்பம். அந்நாட்டுத் தணிக்கைத் தலைவர் அப்படத்தை வைத்திருத்தலும் பரப்புதலும் குற்றமாம்படி தடை செய்தார். அப்பொழுது தலைமை அமைச்சராயிருந்த ஜசிந்தா ஆர்டர்ன் அம்மையார், அவன் பெயரைத் தாம் ஒருகாலும் கூறுவதில்லை என்று பாராளுமன்றத்திலே உரைத்தார். கொலைஞன் நின்ற இடத்தில் எவரும் நில்லாமற் காத்தல் அரசின் கடனெனக் கொள்ளப்பட்டது.

பின்னர் 2021-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அந்நிகழ்ச்சி பற்றி ‘தே ஆர் அஸ்’ என்னும் படம் எடுக்கப்படும் என அறிவிப்பு வந்தது. கொலைக்குப்பின் அவ்வம்மையார் நாட்டை நடத்திய திறமே அதன் கதைப்பொருள். அந்நாட்டு முஸ்லிம் இளைஞர் சங்கத்தார் அதனை நிறுத்துமாறு முறையீடு ஒன்று எழுப்ப, சின்னாளில் ஏறத்தாழ அறுபதினாயிரவர் அதன்கண் ஒப்பமிட்டனர். அப்படத்தோடு தமக்குத் தொடர்பில்லை என்பதனை அம்மையாரே தெரிவித்தார். தயாரிப்பாளருள் ஒருவர் விலகினார். வேலையும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஈண்டும் ‘விரைந்துவிட்டது’ என்னும் குரல் கேட்டது உண்மையே. ஆயினும் முறையிட்டார் உள்ளத்தை ஆழ்ந்து வருத்தியது காலக்குறுக்கம் மட்டுமன்று. மாண்டவர் ஐம்பத்தொருவர், படத்தின் நடுவிலே நிற்பவரோ அவருள் ஒருவருமல்லர் என்பதே. கொலைஞன் அருகே நிறுத்தாவிடினும், துயருற்றாரை ஒரு புறத்தே ஒதுக்கி மூன்றாமவரின் புகழருகே காண்பாரை நிறுத்துதலும் ஒரு பிழையென்பது இதனால் விளங்கும்.

இங்ஙனம் சார்பினை அறிந்தபின் அதன் பயனையும் எண்ணுதல் வேண்டும். மனம் வாக்குக் காயங்களால் உயிர்கட்கு உறுதி செய்தலே இதம் என்றும், அதன் மறுதலை அகிதம் என்றும் சித்தியார் வகுத்தது கொண்டு நோக்கின், இக்காட்சிகளால் நேரும் இதமும் அகிதமும் மூவர்பாற் சேர்கின்றன. துயருற்றார் ஒருவர், படம் எடுப்பார் ஒருவர், காண்பார் ஒருவர். துயருற்றார்க்கு அகிதமாவது, அவர் வேண்டாதபொழுது அவர் கண்முன் அத்துயரை எறிதல். லாஸ் ஏஞ்சல்ஸ் அரங்கிற் கூவினார் செய்ததனைச் சிலர் மடமை என்று இகழ்ந்தனராகலாம். யாம் அங்ஙனம் கருதகில்லேம். படம் காண்பதா ஒழிவதா என்று துணியும் உரிமை படத்தைத் தேடிச் செல்வார்க்கு உண்டு. வேறொன்றனைக் காண வந்தமர்ந்தார்க்கு முன்னோட்டம் அவ்வுரிமையை அளிக்கவில்லை. அவர் கூவியது கலையின்மேற் பகையாலன்று. தாம் கேளாமலே தம்மேல் வந்து விழுந்த ஒன்றனைத் தள்ளுதற்கேயாம். மன்ஹாட்டன் அரங்கினர் அதனை நிறுத்தியமை இரக்கம் அறிந்த செயல்.

படம் எடுப்பார்க்குரிய அறம் முன்னரே கூறப்பட்டது: மாண்டார்மேல் இல்லாததை ஏற்றாமை, உற்றாரைக் கேட்டல், கேட்டும் உடன்படாதாரைத் தொடராமை, கொலைஞனின் வேட்கைக்குத் தம் கருவியை ஏவலாக்காமை. வருவாயிற் பத்திலொரு பங்கு கொடுத்தல் நன்றே. ஆயினும் கொடை, காட்சியிற் செய்த பிழைக்குக் கழுவாயாகாது. காட்சி தூயதாயின் அது கொடையின்றியும் நிற்கும்.

காண்பார்க்குரிய அறமே பலரும் எண்ணாதது. ‘யான் யாது செய்தேன்? இருக்கையில் அமர்ந்து கண்டேன், அவ்வளவே’ என்பான் தன் செயலை அறியாதவன். மனத்தால் செய்வதும் வினையே என்பது நம் கொள்கையாதலின், காணுதலும் ஒரு செயலாம். பிறர் சாவினைக் கண்டு, ‘எத்துணைத் திறமாக எடுத்துள்ளான்!’ என்று வியந்து, அடுத்த வேளை உணவைப் பற்றிப் பேசிக்கொண்டு வெளியேறுவானாயின், அவன் அக்கொலையை நுகர்ந்தவனாவான். பிறர் துன்பம் அவன் நாவிற்கு ஒரு சுவை. அதனைக் கண்டு, அன்று மாண்டாரின் மக்கள் இன்று எங்ஙனம் வாழ்கின்றனர் என்று நினைந்து, தன் ஊரிலே வேற்றுச் சமயத்தாரையோ இனத்தாரையோ எவரேனும் இழித்துப் பேசுங்கால் அதனைத் தடுக்க ஒரு சொல் கூறுவானாயின், அக்காட்சி அவனுக்கு இதமாயிற்று. ஒரே படம் ஒருவனை வன்னெஞ்சனாக்கலாம், மற்றொருவனை அருளுடையனாக்கலாம். காண ஆற்றாது விலகுவானை அஞ்சினான் என்று இகழ்தலும், கண்டு அழுவானை இரக்கமில்லாதான் என்று பழித்தலும் ஒருங்கே தவறு. விலகுவான் தன் நெஞ்சின் அளவை அறிந்தவன். காண்பான் தன் கண்ணீரின் பயனை இனிமேற் காட்டவேண்டியவன்.

ஆகவே அண்மைத் துயரைக் காட்டலாமோ ஆகாதோ என்று வினவுவார்க்கு யாம் கூறுவது இது. மாண்டார் அருகே நின்று, பொய் கலவாது, வேண்டாதார்மேல் திணியாது காட்டுமாயின், அஃது ஓராண்டு கழிந்ததாயினும் காணத்தக்கது. கொலைஞன் அருகேயோ தம் புகழருகேயோ நின்று காட்டுமாயின், நூறாண்டு கழிந்ததாயினும் தள்ளத்தக்கது. அரங்கின் விளக்குகள் மீண்டும் ஏற்றப்படும்பொழுது ஒவ்வொருவரும் தம் நெஞ்சை நோக்கி, ‘இத்துணைப் பொழுதும் யான் எவரைச் சார்ந்திருந்தேன்?’ என்று வினவிக்கொள்வாராக. அதற்கு நேர்மையாக விடை கூறுமாற்றல் உடையார்க்கு, அறம் எப்பக்கத்தது என்பதனைப் பிறர் காட்டவேண்டுவதில்லை.